காக்கைகள் முனகும் முகம்

வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லாத சித்திரை மாதத்துப் பகலில், கறுப்புக் குடையை மூக்குவரை இறக்கிப் பிடித்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்கிற ஒரே ஆள் கன்னியப்பன்தான். வெயிலுக்குப் பிடிக்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். காட்டுக்கொல்லை இருளர் குடியிருப்பில் உள்ள முப்பத்தெட்டு வீட்டுக்கும் தெரியும், அந்தக் குடை காக்கைக்கு.

குடை ஒரு சாண் விலகினால் போதும். கரண்ட் கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு காக்கை கழுத்தைச் சாய்க்கும். அடுத்து ஒரு சத்தம். வழக்கமான கரைதல் இல்லை; தகர வாளியைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி. பத்து எண்ணுவதற்குள் தலைக்கு மேலே வானம் மூடிக்கொள்ளும். போன தை மாதம் பின்மண்டையில் நான்கு தையல்.

"வழி வுடுங்கப்பா, குடை ராசா வர்றாரு," என்பார்கள் வரிசையில். கன்னியப்பனும் குடைக்குள்ளேயே சிரிப்பார். சிரிக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எட்டு வருடமாக அந்த ஊர் அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் அவர் காக்கை பிடித்தார். தின்பதற்கு இல்லை, படிப்பதற்கு. அதுவும் அவர் படிப்பதற்கு இல்லை, மற்றவர்கள் படிப்பதற்கு. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற விலங்கு நடத்தை ஆய்வு நிலையத்தில் அவருக்கு 'வலை ஆள்' என்று பெயர். அவர் பிடித்துக் கொடுப்பார். அவர்கள் காலில் வளையம் மாட்டி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, பறக்கவிடுவார்கள். தன்னைப் பிடித்த முகத்தைக் காக்கை மறக்காது என்று உலகத்துக்கு எழுதிச் சொன்னவர்கள் அவர்கள்தான். மறக்காத அந்த முகம் யாருடையது என்று எந்தக் கட்டுரையிலும் ஒரு வரி இல்லை. கொத்துத் தாங்காமல் ஒருநாள் கரையிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்ததும் வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

அவருடைய மகள் நீலவேணி அதே நிலையத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். குடியிருப்பில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். பேச்சில் தேன் தடவத் தெரியாது. நேர்முகத் தேர்வில், ஏன் காக்கை என்று கேட்டவர்களிடம் அவள் சொன்ன பதிலை நிலையத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"எங்கப்பா காக்கா புடிக்கிறத வுட்டு மூணு வருஷம் ஆச்சு சார். அவர் புடிச்ச காக்கால பாதி செத்திருக்கும். ஆனா கொத்து வருஷத்துக்கு வருஷம் ஜாஸ்தியாவுது. செத்த காக்கா கொத்தாது. அப்ப கொத்துறது யாரு? அதுங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? அதான் எனக்குத் தெரியணும்."

அவளைச் சேர்த்துக்கொண்டவர் பேராசிரியர் திருவேங்கடம். நல்ல மனிதர் என்றுதான் அவளும் நினைத்தாள்.

*

காக்கை பகலில் தூங்கும் என்பது பலருக்குத் தெரியாது. உச்சி வெயிலில், ஏரிக்கரைத் தைலமரத் தோப்பில், நூற்றுக்கணக்கில் அடைந்து கிடக்கும். இலைகள் ஆடாது. தண்ணீரிலிருந்து எழும்புகிற வெளிச்சம் மரத்தண்டுகளில் ஏறி இறங்கும். கண்ணை மூடிய காக்கையின் தொண்டை மட்டும் துடிக்கும். கூர்ந்து கேட்டால் கேட்கும்: ஒரு முனகல். குழந்தை தூக்கத்தில் யாருக்கோ பதில் சொல்வது போல, முடிவில்லாமல், அடங்கிய குரலில். அந்தத் தோப்புக்குள் நின்றால் நீலவேணிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். தரைக்கும் தனக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விழுந்துவிட்டதுபோல் இருக்கும்.

அந்த முனகலில்தான் முகங்கள் இருந்தன.

அதைக் கண்டுபிடித்தவன் இர்ஃபான். வாணியம்பாடிக்காரன், நிலையத்தின் மின்னணுப் பொறியாளன். முனகலைப் படமாக மாற்றும் ஒரு பெட்டியைச் செய்தான். எல்லாரும் அதைக் கனாப்பெட்டி என்றார்கள். தூங்கும் காக்கையின் கீழே ஒலிவாங்கியை வைத்தால், திரையில் மெதுவாக, சோற்றுக்கஞ்சியில் ஆடை படிவது போல ஓர் உருவம் படியும். பெரும்பாலும் நெற்றி, கன்னம், தாடை. மனித முகம்.

"எதுக்கு முனகுது தெரியுமா?" என்று அவன்தான் அவளுக்கு விளக்கினான். "அடைகாக்கும்போதுதான் ரொம்ப முனகுது. முட்டைக்குள்ள இருக்கற குஞ்சு அதைக் கேக்குது. வெளிய வர்றதுக்கு முன்னாடியே யாருகிட்ட பயப்படணும்னு அதுக்குத் தெரியும், நீலா."

"நம்ம ஊர்ல மனுசனுக்கும் அப்படித்தான்," என்றாள் அவள். "யாருகிட்ட தள்ளி நிக்கணும்னு வயித்துலயே கத்துக்குனு வர்றாங்கோ."

இந்த ஊகத்தை நிரூபிப்பதுதான் அவளுடைய ஆய்வு. பொரிப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஒன்பது முட்டைகளை எடுத்து வந்து வெப்பப் பெட்டியில் பொரிக்க வைத்தாள். காக்கைத் தலை போலத் தைத்த கையுறையால்தான் ஊட்டினாள். ஒரு மனித முகத்தைக்கூட அந்தக் குஞ்சுகள் பார்க்கவில்லை. அவற்றின் முதல் முனகலுக்காகக் காத்திருந்தாள்.

காக்கை பிடிக்கும் வேலையும் கடைசி இரண்டு வருடமாக அவளுடையதே. சொந்த முகத்தோடு பிடித்தால் காலம் முழுக்கத் துரத்தும் என்பதால், நிலையத்தில் யார் பிடித்தாலும் ஒரே ஒரு ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டுதான் பிடிக்க வேண்டும். ரோஸ் நிறப் பூச்சு, மொட்டைத் தலை, இரண்டு கண் ஓட்டை. மாணவர்கள் அதற்கு 'மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். "மாமாவை மாட்டிக்கினு போ," "மாமாவுக்குப் பவுடர் போட்டியா?" என்று ஒரே கேலி. ஆய்வேடுகளில் மட்டும் மாமாவுக்குக் கௌரவமான பெயர்: முகம்-1. 'செயற்கையாக வடிவமைக்கப்பட்டது, உயிரோடிருக்கும் எந்த மனிதரையும் குறிப்பதல்ல.' தன் ஆய்வேட்டிலும் அந்த வரியை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள் நீலவேணி.

மாமாவைப் பற்றி அவளுக்கு ஒரு புகார்தான். மாட்டும்போதெல்லாம் இடது புருவத்தில் ஏதோ உறுத்தும்.

*

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், பெட்டியில் பொரித்த குஞ்சு ஒன்று மதியத் தூக்கத்தில் முனகியது. இர்ஃபான் கனாப்பெட்டியைத் திருப்பி அவளுக்குக் காட்டினான். முதலில் நெற்றி. பிறகு ஒட்டிய கன்னம். பிறகு, நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிரிந்த ஓர் இடது புருவம்.

எலிவளை தோண்டும்போது கடப்பாரை தெறித்து வந்த வெட்டு அது. அவள் பிறப்பதற்கு முன்பே வந்தது.

"எங்கப்பா," என்றாள் நீலவேணி. பிறக்கும் முன்பே அவள் அப்பாவைக் காதால் அறிந்திருந்தது அந்தக் குஞ்சு, அவளைப் போலவே.

"நிஜமாவா? அப்ப உன் ஊகம் சரி! நீலா, ஜெயிச்சுட்ட!" இர்ஃபான் துள்ளினான். பிறகு திரையில் குனிந்தான். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. உங்கப்பா மை போடுவாரா?"

அவளும் பார்த்தாள். படிந்து முடிந்த முகத்தில் கண்கள் இரண்டும் கறுப்புக் கரை கட்டியிருந்தன. மீன் வால் போல ஓரத்தில் கொஞ்சம் இழுத்து.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு மை! அம்மா பச்சையம்மா பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். இர்ஃபானும் சிரித்தான். திடீரென்று அவன் சிரிப்பு நின்றது. அவன் திரையைப் பார்க்கவில்லை, அவள் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தாம் வகுப்பிலிருந்து நீலவேணி ஒருநாள்கூட மை இல்லாமல் வெளியே வந்ததில்லை. ஓரத்தில் கொஞ்சம் இழுத்துத்தான் போடுவாள்.

அவள் எழுந்து வலை அறைக்குப் போனாள். ஆணியில் மாமா தொங்கிக்கொண்டிருந்தார். வெளியே தடவினாள். பூச்சின் மேல் பூச்சாக மெழுகியிருந்தது, வழுவழுவென்று. கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் நடந்தாள். மூக்கு, ஒட்டிய கன்னம், இடது புருவம். அங்கே ஒரு மேடு. வெளியே பள்ளமாக இருப்பது உள்ளே மேடாக இருக்கும். இரண்டு வருடம் அவளை உறுத்தியது அந்த வெட்டு.

அவள் அப்பாவின் முகத்தை மாட்டிக்கொண்டு நூற்றுப் பதினொரு காக்கை பிடித்திருந்தாள்.

*

பேராசிரியர் திருவேங்கடம் மறுக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். மின்விசிறியைக் கூட்டினார்.

"உக்காரும்மா. ஒரு புது முகத்தைக் காக்காவுக்குப் பழக்க நாலு வருஷம் ஆகும். அதுக்கு மானியம் கிடையாது. கன்னியப்பன் முகம் ஏற்கெனவே தயாரா இருந்தது. அவர் வேலையை விட்டு நிக்கறப்ப ஒரு அச்சு எடுத்துக்கிட்டோம். கைநாட்டு வாங்கியிருக்கோம்."

"எதுக்குன்னு சொல்லி வாங்கினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வலை, கூண்டு, மூஞ்சி. எல்லாம் ஒரே லிஸ்ட்டா சார்?"

"நீலவேணி, வார்த்தையை அளந்து பேசு. கன்னியப்பன் பொண்ணுன்னு தெரிஞ்சுதான் உன்னைச் சேர்த்தேன். ஏதாவது செய்யணும்னு தோணுச்சு."

"அதான் எங்கப்பன் மூஞ்சிய என் மூஞ்சில மாட்டி வுட்டீங்களா?"

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதும்மா. நீ பார்த்ததும் கண்டுபிடிச்சிருப்பேன்னு நினைச்சேன். ஒண்ணும் சொல்லலையே, சரின்னு எடுத்துக்கிட்டேபோல இருக்குன்னு விட்டுட்டேன்." அது பொய்யில்லை. "இப்ப நீ வெளிய சொன்னா என்ன ஆகும்? உயிரோட இருக்கற ஆளோட முகத்தை வச்சுச் செஞ்ச ஆய்வு செல்லாது. எட்டு வருஷத் தரவும் குப்பை. அதுல உன்னோடதும் இருக்கு. மூணு வாரம் பொறு. பட்டத்தை வாங்கு. அந்த முகமூடியை நானே எரிச்சுடறேன்."

"எரிச்சா காக்கா மறந்துடுமா?"

மறக்காது என்று எழுதிப் பேர் வாங்கியவரே அவர்தான்.

*

வீட்டில் கன்னியப்பன் ஓலைத் தடுப்புக்குள் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நீலவேணி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அதான் அன்னிக்கு மூஞ்சில சுண்ணாம்பு மாதிரி பூசிப் படுக்க வச்சாங்களா? போட்டோ எடுக்கற புது மாதிரின்னு இல்ல நெனச்சேன். மூக்குல ரெண்டு குழாய் வேற. பிரியாணி வாங்கித் தந்தாங்கோ." கொஞ்ச நேரம் மென்றார். "அப்ப, நான் வூட்ல குந்தினு இருக்கசொல்லோ, என் மூஞ்சி மட்டும் அங்க போயி காக்கா புடிச்சினு இருந்துச்சா?"

"ஆமா."

"நீயும் போட்டியா?"

"போட்டேன்."

"எத்தினி புடிச்ச?"

"நூத்திப் பதினொண்ணு."

"ரெண்டு வருஷத்துலயா? கெட்டிக்காரிதான்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "இதுல பேச ஒண்ணுமில்ல பாப்பா. நீ பட்டத்த வாங்கிக்க. எனக்குக் குடை பழகிப்போச்சு."

"எனக்குப் பழகல," என்றாள் நீலவேணி.

"ஏய் சோறு ஆறுது, அப்பனும் பொண்ணும் எந்திரிங்க," என்று உள்ளேயிருந்து பச்சையம்மா கத்தினாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

*

வாய்மொழித் தேர்வு மண்டபத்தில் குளிரூட்டி ஓடியது. கன்னியப்பன் கடைசி வரிசையில், மடக்கிய குடையை இரண்டு முட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. நிலையத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர் அந்த மண்டபத்துக்குள் வருவது அன்றுதான் முதல் தடவை.

நீலவேணி எல்லாம் ஒழுங்காகவே சொன்னாள். முட்டை, பெட்டி, முனகல். குஞ்சின் முனகலைத் திரையில் ஓட்டினாள். அரைத்தூக்கத்தில் யாரோ கூப்பிடுவது போல அது மண்டபம் முழுக்கப் பரவியது. முகம் மெல்லப் படிந்தது. யாரும் இருமவில்லை.

புனேயிலிருந்து வந்த புறத்தேர்வாளர், ஒரு வயதான அம்மா, நெகிழ்ந்துபோய் ஆங்கிலத்தில் கேட்டார். "அபாரமான வேலை. இவ்வளவு உயிரோட்டமான செயற்கை முகத்தை எப்படி வடிவமைத்தீர்கள்?"

திருவேங்கடம் குனிந்து காகிதங்களை அடுக்கினார். கடைசி வரிசையில் கன்னியப்பன் குடைக் கைப்பிடியை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. அவருக்குக் கேள்வி புரிந்திருக்காது. மகளின் தாடை இறுகுவது புரிந்திருந்தது.

'கணினியில்' என்று ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் போதும். கீழே இறங்கும்போது அவள் டாக்டர் நீலவேணி.

"இது செயற்கை இல்லைங்க மேடம்," என்றாள். "எங்கப்பா. பேரு கன்னியப்பன். பின்னாடி உக்காந்திருக்காரு. கண்ணு மட்டும் என்னுது."

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு இத்தனை பேர் தன் முகத்தைப் பார்ப்பது கன்னியப்பனுக்குத் தாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், மண்டபத்துக்குள்ளேயே குடையை விரித்தார்.

*

பட்டம் போயிற்று. எட்டு வருடத் தரவையும் ரத்து செய்தார்கள். விசாரணைக் குழு பாடுபட்டு ஓர் அறிக்கை எழுதியது. திருவேங்கடம் வேறு மாநிலத்தில் வேறு பறவைக்கு மாறிக்கொண்டார். நீலவேணி பக்கத்து ஊர்ப் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியை ஆனாள். வலை அறையைக் காலி செய்த அன்று ஆணியில் மாமா இல்லை. அது அவள் பையில் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் மதிய இடைவேளையில் சைக்கிளில் ஏரிக்கரைக்கு வந்தாள். ரோஸ் பூச்சைச் சுரண்டி எடுத்திருந்தாள். அப்பாவின் முகத்தை மாட்டிக்கொண்டு, கருவாடு பிசைந்த சோற்றைத் தைலமரத்தடியில் வைத்துவிட்டு அசையாமல் நின்றாள். முதல் மாதம் வாளிச் சத்தமும் கொத்தும். ரப்பர் கிழிந்து இரண்டு இடத்தில் ரத்தம். மூன்றாம் மாதம் சத்தம் மட்டும். ஏழாம் மாதம் ஒரு நொண்டிக் காக்கை மட்டும் இறங்கி, ஒரு கண்ணால் அவளையும் ஒரு கண்ணால் கருவாட்டையும் பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. வெயிலும் தைல வாசனையும் முனகலும் சேர்ந்து மயக்கும் அந்த நேரத்தில், முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கையில், அது அப்பாவா தானா என்று சில நாள் அவளுக்கே தெரியாது.

ஆனால் கன்னியப்பன் குடையை விலக்கிய போதெல்லாம் கொத்து விழுந்தது. அது மட்டும் குறையவே இல்லை.

பதினான்காம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இர்ஃபான் கனாப்பெட்டியோடு வந்தான். புதிதாகப் பொரித்த குஞ்சுகளின் முனகலை எடுத்துவந்து ஓலைத் தடுப்புக்குள் வைத்துக் காட்டினான். திரையில் ஒரு முகம் படிந்து கலைந்தது. பின்னாலேயே இன்னொன்று படிந்தது. இரண்டும் கன்னியப்பன்.

"ரெண்டு தடவை வருது பாருங்க. முதல்ல வரும்போது குஞ்சோட இறகு சிலிர்த்துக்குது. பயம். ரெண்டாவது வரும்போது வாயைத் தொறக்குது. பசி."

"வித்தியாசம்?" என்றாள் நீலவேணி. அவளுக்கே தெரிந்தது. முதல் முகத்தில் வெறும் கண். இரண்டாவதில் மை.

"மன்னிக்கலைங்க மாமா," என்றான் இர்ஃபான், கன்னியப்பனைப் பார்த்து. "வேற ஆளுன்னு வச்சுக்கிச்சு. மை போட்ட மூஞ்சிக்கும் முன்னாடி பயந்துதான் இருந்துச்சு; பதினாலு மாசச் சோறு அத மட்டும் மாத்திடுச்சு. ஒரே மூஞ்சியில ரெண்டு பேரு. ஒருத்தர் புடிக்கறவரு, ஒருத்தர் சோறு போடறவரு."

நீலவேணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பதினான்கு மாதம், ஒருநாள் விடாமல், அவள் அப்பாவைக் காப்பாற்றவில்லை. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரை உண்டாக்கியிருந்தாள்.

கன்னியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"பாப்பா, உன் மை டப்பாவ எடு."

"எதுக்கு?"

"எடுறி. பச்ச, கண்ணாடிய கொண்டா."

"கெயவனுக்குப் போற காலத்துல அலங்காரத்தப் பாரு," என்று பச்சையம்மா கண்ணாடியை நீட்டினாள். நீலவேணி டப்பாவைத் திறந்து அவளே போட்டுவிட்டாள். கீழ் இமை, மேல் இமை. ஓரத்தில் மீன் வால் போலக் கொஞ்சம் இழுத்து. அவர் பார்வையை மேலே வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி மூச்சுவிடாமல் இருந்தார். போட்டு முடித்து விலகியபோது, அவள் தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற கண்கள் அந்த முகத்திலிருந்து அவளைப் பார்த்தன.

குடை ஆணியிலேயே தொங்கியது. ஒரு கும்பா சோற்றை எடுத்துக்கொண்டு கன்னியப்பன் வெயிலுக்குள் இறங்கினார். வாசலுக்கு எதிரே கம்பியில் ஒரு காக்கை கழுத்தைச் சாய்த்தது. பச்சையம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

வாளிச் சத்தம் வரவில்லை.

ஒன்று இறங்கியது. பிறகு நான்கு. பிறகு தெரு கறுத்துப்போகும் அளவுக்கு. அவர் காலைச் சுற்றி, கையைச் சுற்றி, ஒன்று தோளிலேயே. தலையை முழுதாக அண்ணாந்து கன்னியப்பன் வானத்தைப் பார்த்தார். மை கரைந்து கன்னத்தில் இறங்கியது.

"தொடைக்காதப்பா, தொடைக்காத!" என்று கத்திக்கொண்டே நீலவேணி டப்பாவோடு காக்கைகளின் நடுவே ஓடினாள். நூற்றுப் பதினொன்றைப் பிடித்தவள் அவள். ஒரு காக்கைகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.